செனாபாங் பத்தாவுக்குத் தோட்டா விலை ஏறிக்கொண்டே போகிறது: வீட்டில் நிரப்பினால் என்ன?

பத்து ஏக்கர்

சுங்கை சிப்புட்டுக்கு வெளியே பத்து ஏக்கர் செம்பனை, அப்பா விட்டுப் போனது. போன வருஷம் மறுநடவு செய்தோம். கன்று வேர் பிடிக்குமுன் காட்டுப்பன்றி வந்து தோண்டிக் குருத்தைத் தின்றுவிட்டுப் போகிறது. போன வாரம் ஒரே இரவில் பதினொரு கன்று.

என் பெயரில் லெசன் (உரிமம்) இருக்கிறது, செனாபாங் பத்தா, அதாவது குழலை மடித்துத் தோட்டா போடும் துப்பாக்கி, ஒன்று இருக்கிறது. தோட்டாதான் பிரச்சினை. ஈப்போவில் துப்பாக்கிக் கடைக்குப் போனால், நான் முதலில் லெசன் எடுத்த காலத்தில் ஒரு பெட்டிக்குக் கொடுத்த காசுக்கு இப்போது பாதிப் பெட்டிதான். அதுவும் எஸ்ஜி (பெரிய குண்டு) இல்லை, ஆறாம் நம்பர் (பொடிக் குண்டு) தான் இருக்கிறது என்கிறார் கடைக்காரத் தவுக்கே. ஆறாம் நம்பர் புறாவுக்குச் சரி. பன்றிக்கு அடித்தால் முதுகு சொறிந்துவிட்டது போல இருக்கும்.

நேற்று ஒரு வீடியோ பார்த்தேன். அமெரிக்காவில் ஒரு தாத்தா கார் கொட்டகையில் உட்கார்ந்து, சுட்டுப்போட்ட காலி ஓட்டில் புது பிரைமர் (அடித்ததும் தீப்பொறி தரும் சின்ன மூடி) அழுத்தி, வெடிமருந்து போட்டு, அடைப்பு வைத்து, ஈயக்குண்டு கொட்டி, வாயை மடித்துப் புதுத் தோட்டா ஆக்குகிறார். கடை விலையில் பாதிதான் ஆகிறதாம். நாம் அந்த ஓட்டைக் குப்பையில் போடுகிறோம். லெசன் உள்ள ஆளுக்கு இதையும் அனுமதித்தால் என்ன கெட்டுப்போகும்? சட்டம் இப்போது விடாது என்று எனக்கும் தெரியும். அந்தச் சட்டம் சரியா என்பதுதான் என் கேள்வி.

அப்பாவின் ஸ்டோரில் ஒரு பிஸ்கட் டின் நிறையப் பழைய காகிதத் தோட்டா வேறு கிடக்கிறது. அதில் உள்ள ஈயத்தை எடுத்தாலே இரண்டு பெட்டிக்கு வரும்.

பழைய சார்ஜன்

தம்பி, இருபத்தெட்டு வருஷம் போலீஸில் இருந்தவன் சொல்கிறேன். ஆயுதச் சட்டம் 1960. உங்களிடம் இருப்பது வைத்துக்கொள்ள லெசன், தயாரிக்க லெசன் அல்ல. ஒரே ஒரு தோட்டா நிரப்பினாலும் அது தயாரிப்புதான். மருந்துக்கு 1957ஆம் வருஷத்து வெடிபொருள் சட்டம் தனியாக இருக்கிறது.

சட்டம் சரியா என்று கேட்டீர்கள். எந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு கேட்கிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். 1948 ஜூன் 16, நம் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில்தான் மூன்று வெள்ளைக்காரத் துரைகளைக் கம்யூனிஸ்டுகள் சுட்டார்கள். இரண்டு நாளில் மலாயா முழுக்க அவசரகாலம். பிறகு வந்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் 57ஆம் பிரிவில், துப்பாக்கி கூட வேண்டாம், அனுமதி இல்லாத தோட்டா வைத்திருந்தாலே தூக்கு. அந்தச் சட்டம் 2012இல்தான் போனது. இந்த நாட்டில் தோட்டா என்றால் அரிசி, பருப்பு மாதிரி அல்ல.

மூணாம் டிவிஷன்

ஐயா, மரியாதையாகவே கேட்கிறேன், 1948ஐ இன்னும் எத்தனை வருஷம் சொல்வீர்கள்? ஹாட்யாயில் கம்யூனிஸ்டுகள் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது 1989 டிசம்பர் 2. காட்டில் இருந்தவர்கள் வெளியே வந்து பேரப்பிள்ளையும் எடுத்துவிட்டார்கள். உள்ளே இருப்பது பன்றி மட்டும்தான். துரை காலத்தில் மானேஜர் பங்களாவில் இரண்டு மூன்று துப்பாக்கி சுவரில் தொங்கும், யாரும் கேட்கவில்லை. அதே நிலம் எங்கள் கைக்குப் பத்துப் பத்து ஏக்கராக வந்ததும் ஒவ்வொரு தோட்டாவுக்கும் கணக்குக் கேட்கிறார்கள்.

நேர்மையாக லெசன் எடுத்தவனுக்குத்தான் இந்தத் தொல்லை எல்லாம். வீட்டில் பக்காக்குக் (நாட்டுத் துப்பாக்கி) அடித்து வைத்திருப்பவன் எந்தத் தவுக்கேயிடம் விலை கேட்டான்?

பழைய சார்ஜன்

பக்காக்குக் அடித்தவர்கள் பலரை நான் பிடித்திருக்கிறேன். சிலரிடம் விரல் எண்ணினால் பத்து வராது. தீபாவளிக்குக் கார்பைட் குழாய் வெடித்து ஆஸ்பத்திரிக்கு வந்த பையன்களையும் பார்த்திருக்கிறேன். 1991 மே 7ஆம் தேதி சுங்கை பூலோவில் பட்டாசுத் தொழிற்சாலை வெடித்தது நினைவிருக்கிறதா? 26 உயிர். அது பகல் நேரத்தில், ஆள் வைத்து நடந்த தொழிற்சாலை. நீங்கள் ஸ்டோரில் உரமூட்டைக்கும் கிளைபோசேட் டின்னுக்கும் நடுவில் மருந்து வைக்கப் போகிறீர்கள்.

களிமண் தட்டு

சார்ஜன் ஐயா சொல்லும் பட்டாசு மருந்தும் தோட்டாவில் போடும் புகையில்லா மருந்தும் ஒன்றல்ல. புகையில்லா மருந்தைத் திறந்தவெளியில் கொளுத்தினால் சர்ரென்று எரியும், அவ்வளவுதான். அடைத்து வைத்தால்தான் ஆபத்து. அதனால் அது விளையாட்டுச் சாமான் என்று சொல்லவில்லை. பயமுறுத்தும்போது சரியான பொருளைச் சொல்லிப் பயமுறுத்துங்கள் என்கிறேன்.

நான் கிளப்பில், பறக்கவிடும் களிமண் தட்டைச் சுடுகிறவன். ஒரு பயிற்சிச் சுற்று 25 தட்டு. ஒரு நாளைக்கு நாலு சுற்று சுட்டால் நாலு பெட்டி காலி. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் எட்டு மாதக் கர்ப்பத்தோடு சுட்ட நூர் சுர்யானியை எல்லோருக்கும் தெரியும். அவர் சுட்டது காற்றுத் துப்பாக்கி, ஈயக்குண்டு மட்டும் போதும். ஷாட்கன் வீரனுக்கு ஒவ்வொரு சுடுதலும் ஒரு தோட்டா. மற்ற நாட்டுக்காரன் ஆண்டுக்குப் பல ஆயிரம் சுட்டுப் பழகுகிறான். நாங்கள் பெட்டியை எண்ணிக்கொண்டு நிற்கிறோம். கிளப்புக்குள், பூட்டிய அறையில், அதிகாரி மேற்பார்வையில் நிரப்ப அனுமதி கொடுக்கலாம் என்பது என் கட்சி. வீட்டில் வேண்டாம். அதில் நான் ஐயா பக்கம்.

ஹியூஸ்டன்காரன்

வணக்கம். நான் பிறந்தது லிந்தாங் ரோட்டில், இப்போது இருப்பது டெக்சாஸில். பத்து வருஷமாக வீட்டிலேயே நிரப்புகிறேன், இங்கே அதற்குத் தடை இல்லை. பத்து ஏக்கர் அண்ணே, அந்தத் தாத்தா சொன்ன 'பாதி விலை' எந்த வருஷத்துக் கணக்கு என்று முதலில் கேளுங்கள்.

பன்னிரண்டு போர் (துப்பாக்கிக் குழல் அளவு) தோட்டா ஒன்றை எடுத்துக்கொள்வோம். இங்கே ஈயக்குண்டு 25 பவுண்டு மூட்டையாக விற்பார்கள், அதாவது 400 அவுன்ஸ். தட்டு சுடும் தோட்டாவுக்கு ஒன்றே அரைக்கால் அவுன்ஸ் போனால் ஒரு மூட்டையில் 355 தோட்டா. நான் கடைசியாக வாங்கிய மூட்டை 55 டாலர், ஆக ஈயத்துக்கே 15 காசு. ஒரு பவுண்டு மருந்தில் 7000 கிரெய்ன். தோட்டாவுக்கு இருபதுக்குள் பிடித்தால் 350க்கு மேல் வரும், அது ஒன்பது காசு என்று வையுங்கள். பிரைமர் எட்டு காசு. பிளாஸ்டிக் அடைப்பு மூன்று. ஓடு சும்மா. கூட்டினால் 35 காசு, 25க்கு ஏறக்குறைய ஒன்பது டாலர். பெரிய கடையில் அடுக்கி வைத்திருக்கும் மலிவுத் தோட்டா ஒரு பெட்டி எவ்வளவு தெரியுமா? எட்டிலிருந்து பத்து டாலர். யந்திரம் வாங்கிய காசையும் சனிக்கிழமை மாலையையும் இதில் நான் சேர்க்கவே இல்லை.

பன்னிரண்டு போருக்கு நிரப்பிக் காசு மிச்சம் பிடித்த காலம் போய்விட்டது. 28 போர், .410 மாதிரி கடையில் விலை ஏறிய சின்ன அளவுகளுக்கும், ரைபிளுக்கும்தான் இன்னும் லாபம். நானே ரைபிளுக்குத்தான் நிரப்புகிறேன்.

மூணாம் டிவிஷன்

அண்ணே, பிரைமர் எட்டுக் காசா? அந்த வீடியோவில் மூன்று காசு என்றார்.

ஹியூஸ்டன்காரன்

அது 2019 விலை. அப்போது ஆயிரம் பிரைமர் முப்பது டாலருக்குச் சற்று மேல் கிடைத்தது. 2020இல் கொரோனா, தேர்தல், ஊரெல்லாம் புதிதாகத் துப்பாக்கி வாங்கினவர்கள், எல்லாம் ஒரே நேரத்தில். அதே வருஷம் ரெமிங்டன் கம்பெனி திவாலானது. 2021இல் கடை அலமாரி காலி, தனியாள் கையில் ஆயிரத்துக்கு நூறு டாலருக்கு மேல் கேட்டார்கள். நானும் ஒரு முறை கொடுத்தேன், மனைவிக்கு இன்னும் தெரியாது.

அமெரிக்காவில் பிரைமர் செய்யும் பெரிய பெயர் நான்குதான்: சிசிஐ, ஃபெடரல், ரெமிங்டன், வின்செஸ்டர். முதல் மூன்றும் 2024 நவம்பரில் ஒரே செக் நாட்டுக் குழுமத்தின் கைக்குப் போய்விட்டன. முதலில் ஆலைக்காரன் தன் தோட்டாவுக்குப் பிரைமர் வைத்துக்கொள்வான், மிச்சம் இருந்தால்தான் எங்களைப் போல் வீட்டில் நிரப்புகிறவனுக்கு. தட்டுப்பாடு வந்தால் முதலில் பட்டினி கிடப்பது நாங்கள்தான். 2012 கடைசியில் கனெடிகட்டில் பள்ளிக்கூடத்தில் சுட்ட சம்பவத்துக்குப் பிறகு சட்டம் இறுகும் என்று பயந்து எல்லோரும் வாங்கிக் குவித்தார்கள், 2013 முழுக்க இதே கதை.

மருந்து இன்னும் மோசம். டப்பாவில் அமெரிக்கப் பெயர் இருக்கும், உள்ளே இருப்பது ஆஸ்திரேலியாவின் முல்வாலாவில் செய்ததாக இருக்கும், சிலது கனடா. எல்லாவற்றுக்கும் மூலப்பொருள் நைட்ரோசெல்லுலோஸ், அது பஞ்சுக் கொட்டையில் ஒட்டியிருக்கும் குட்டை இழையிலிருந்து வருகிறது. அந்த இழைக்கு ஐரோப்பா பெரும்பாலும் சீனாவை நம்பி இருக்கிறது. 2022இல் உக்ரேன் போர் தொடங்கியதும் பீரங்கி மருந்துக்கே பற்றவில்லை. எனக்குப் பிடித்த ரைபிள் மருந்து மாதக்கணக்கில் கண்ணில் படவில்லை.

ஈயக்குண்டைக் கெட்டிப்படுத்தும் ஆண்டிமனி ஏற்றுமதியைச் சீனா 2024 செப்டம்பரில் இறுக்கியது, டிசம்பரில் அமெரிக்காவுக்கு அடியோடு நிறுத்தியது. பிரைமர் கலவையிலும் அதே ஆண்டிமனி இருக்கிறது.

களிமண் தட்டு

ஹியூஸ்டன் அண்ணன் கணக்கு சரி. ஆனால் அது ஹியூஸ்டனுக்குச் சரி. அங்கே மலிவுத் தோட்டா கடையில் மலையாகக் கிடக்கிறது, அதனால் நிரப்பி லாபமில்லை. இங்கே மலிவுத் தோட்டா என்று ஒன்றே கிடையாதே? தவுக்கே சொல்வதுதான் விலை. எதிரே நிற்கும் விலை ஏறினால் நிரப்புவதில் லாபமும் ஏறும். இதற்கு என்ன பதில்?

ஹியூஸ்டன்காரன்

நல்ல கேள்வி. பதில் கப்பலில் இருக்கிறது. முழுத் தோட்டா ஆபத்துச் சரக்கு வகையில் 1.4 எஸ், வெடிபொருளில் இதைவிட இளகிய வகை கிடையாது. பெட்டிக்குள் ஒன்று வெடித்தாலும் பெட்டியைத் தாண்டாது என்று கருதுகிறார்கள். மொத்தமாக வரும் மருந்து பெரும்பாலும் 1.3 சி. அதற்கு வேறு கிடங்கு, வேறு கட்டணம், ஏற்றிக்கொள்ளும் கப்பலும் குறைவு. இங்கே உள்நாட்டுக்குள் அனுப்பவே ஒவ்வொரு பார்சலுக்கும் ஆபத்துச் சரக்குக் கட்டணம் தனியாக வாங்குகிறார்கள், தபாலில் அனுப்பவே கூடாது. நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஆர்டர் போட்டு அந்தக் கட்டணத்தைப் பிரித்துக்கொள்கிறோம்.

மலேசியாவில் அனுமதித்தாலும் அந்த மருந்தை யார் கொண்டுவருவார்? இப்போது தோட்டா கொண்டுவரும் அதே ஆள். எத்தனை பேர் வாங்குவார்கள்? கிளப்பில் ஐம்பது பேரா? ஐம்பது பேருக்காக அவர் கொண்டுவந்தால் டப்பா விலை என்ன வைப்பார் என்று நீங்களே போடுங்கள். அதுவும் டாலரில். ஒரு காலத்தில் 3.80 வெள்ளிக்கு (ரிங்கிட்) கட்டிப்போட்டிருந்த டாலர் 2024 பிப்ரவரியில் 4.80க்குக் கிட்டே போனது, 1998க்குப் பிறகு வெள்ளி அவ்வளவு இறங்கியதே இல்லை. அண்ணே பெட்டிக்குக் கூடக் கொடுத்ததில் ஒரு பங்கு அங்கே போயிருக்கும். தவுக்கேயை மட்டும் திட்டாதீர்கள்.

களிமண் தட்டு

ஐம்பது பேருக்கு மேலேயே இருக்கிறோம். ஆனாலும் கப்பல் விஷயம் யோசிக்க வேண்டியதுதான். லாபக் கணக்கை விடுகிறேன். ஒரே சீராகத் தோட்டா கிடைக்க வேண்டும் என்ற கோரிக்கையை விடமாட்டேன்.

மூணாம் டிவிஷன்

மருந்தும் பிரைமரும் வரட்டும், ஈயத்துக்கு எதற்குக் கப்பல்? நம் ஊரில் பழைய கார் பேட்டரிக் கடை இல்லையா? உடைத்து உருக்கினால் மூட்டை மூட்டையாக ஈயம்.

லிந்தாங் மல்லிகை

பேட்டரி ஈயத்தை உருக்கும் தம்பி, வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறதா? அந்த ஈயத்தில் ஆர்சனிக்கும் ஆண்டிமனியும் கலந்திருக்கும், தப்பாகக் கையாண்டால் நச்சு வாயு வரும். தோட்டா வார்க்கிற பழைய ஆட்களே அதைத் தொடமாட்டார்கள். ஹியூஸ்டன்காரரைக் கேளுங்கள்.

இவ்வளவு நேரம் ஆம்பளைகள் எல்லாம் நைட்ரோ, ஆண்டிமனி என்று உலகம் சுற்றிவிட்டீர்கள். பத்து ஏக்கர் அண்ணா, எனக்கு ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். இந்த வருஷம் மொத்தம் எத்தனை தோட்டா சுட்டீர்கள்?

ஹியூஸ்டன்காரன்

தொடமாட்டேன். அக்கா சொன்னது சரி.

பத்து ஏக்கர்

ஒன்பது.

லிந்தாங் மல்லிகை

எத்தனை பன்றி?

பத்து ஏக்கர்

ஒன்று. இன்னொன்று அடிபட்டு ஓடிவிட்டது, கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா தெரியவில்லை.

லிந்தாங் மல்லிகை

ஒன்பது தோட்டாவுக்கு ஒரு ஆலை வைக்கப் பார்த்தீர்களே அண்ணா!

மூணாம் டிவிஷன்

அக்கா, விலை அதிகம் என்பதால்தானே ஒன்பது? மலிவாக இருந்தால் தொண்ணூறு சுட்டிருப்பார்.

லிந்தாங் மல்லிகை

சுட்டிருப்பார், பன்றியும் ஒன்றுக்கு மூன்று விழுந்திருக்கும். மிச்சப் பன்றி பக்கத்து நிலத்துக்கு, அதாவது என் நிலத்துக்கு, வந்திருக்கும். எங்களுக்கு ஆறு ஏக்கர். 2021இல் சபாவில் தொடங்கிய ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் தீபகற்பத்துக்கும் வந்தபோது எங்கள் பக்கம் கொஞ்ச நாள் பன்றித் தடமே இல்லை. காட்டோரம் நாற்றம்தான் வந்தது. இப்போது பழையபடி குட்டிகளோடு வருகிறது. சுட்டுக் குறைக்கலாம் என்ற நம்பிக்கை எனக்கு அப்போதே போய்விட்டது. நோய் குறைத்ததையே அது இவ்வளவு சீக்கிரம் ஈடுகட்டிவிட்டது.

நாங்கள் செய்தது இதுதான். சூரிய ஒளியில் ஓடும் மின்வேலிப் பெட்டி ஒன்று, கம்பி இரண்டே வரி, கணுக்கால் உயரத்தில் ஒன்று, முழங்காலுக்கு ஒன்று. பன்றி மூக்கால்தான் தேடும், மூக்கில் ஒருமுறை பட்டால் போதும். இதில் தொல்லை புல். புல் வளர்ந்து கீழ்க்கம்பியைத் தொட்டால் மின்சாரம் மண்ணுக்குள் போய்விடும், வேலி செத்தது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெட்டியே ஆகவேண்டும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை. என் வீட்டுக்காரர் முனகிக்கொண்டே வெட்டுகிறார். புதுக்கன்றுக்குத் தனியாகக் கம்பிவலை சுற்றினோம். இந்த வருஷம் போனது இரண்டு கன்று. வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் விடுகிற வேலை மட்டும் வேண்டாம். அப்படிச் செய்து மனிதன் செத்த கதை நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

பழைய சார்ஜன்

மல்லிகை சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். காட்டுப்பன்றி பாதுகாக்கப்பட்ட பட்டியலில் இருக்கிற விலங்கு, 2010ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். துப்பாக்கி லெசன் இருந்தால் மட்டும் போதாது, வனவிலங்கு இலாகாவான பெர்ஹிலித்தானின் லெசனும் வேண்டும். தம்பி எடுத்திருப்பார் என்று நம்புகிறேன்.

பத்து ஏக்கர்

எடுத்திருக்கிறேன் ஐயா.

அக்கா சொன்னது சுட்டது, ஒன்பது தோட்டாவும் சேர்த்துத்தான். ஆனாலும் ஒன்று சொல்வேன். வேலி போட்டாலும் ஒரு நாள் பன்றி உள்ளே நிற்கும், அன்று கையில் நாலு எஸ்ஜி வேண்டும். அது நியாயமான விலையில் கிடைக்கவேண்டும் என்று கேட்பது தப்பில்லை. நிரப்பும் யோசனையை விட்டுவிடுகிறேன். விலைப் புகார் அப்படியே இருக்கிறது.

மூணாம் டிவிஷன்

நான் விடவில்லை. சட்டம் எல்லோரையும் திருடனாகப் பார்க்கிறது என்பதுதான் என் வாதம், அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. ஒன்பது தோட்டா சுடுகிற ஆளை நம்பாத அரசாங்கம் எத்தனை சுடுகிறவனை நம்பும்?

லிந்தாங் மல்லிகை

அதை ஹியூஸ்டன்காரர் போல நம்புகிற நாட்டில் இருப்பவரிடம் கேளுங்கள், 2012இல் பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்று அவரே மேலே எழுதியிருக்கிறார்.

அப்புறம் அண்ணா, முதல் பதிவில் கடைசி வரி. பிஸ்கட் டின். சார்ஜன் ஐயா, அதை நீங்கள் பார்க்கவில்லையா?

பழைய சார்ஜன்

பார்க்கவில்லை. கண்ணாடி போடாமல் படித்திருக்கிறேன், மன்னிக்கவும்.

தம்பி, அது யார் பெயரில் வாங்கிய தோட்டா? அப்பா பெயரில். அவர் லெசன் அவரோடு போய்விட்டது. இப்போது அது லெசன் இல்லாத தோட்டா, இருப்பது உங்கள் ஸ்டோரில். ஈயத்தை எடுக்க ஒன்றையும் பிரிக்காதீர்கள், வெயிலில் காயவைக்காதீர்கள், சுட்டுப் பார்க்கவும் வேண்டாம். காகித ஓடு நம் ஊர் ஈரத்தில் ஊதியிருக்கும், துப்பாக்கியின் தோட்டா அறையில் சிக்கிக்கொள்ளும். முதலில் பாலாய்க்கு (போலீஸ் நிலையம்) போன் செய்து விஷயத்தைச் சொல்லுங்கள், கொண்டுவரச் சொல்கிறார்களா, ஆள் அனுப்புகிறார்களா என்று கேளுங்கள். தானாகப் போய்ச் சொல்கிறவனுக்கும் சோதனையில் அகப்படுகிறவனுக்கும் வித்தியாசம் நிறைய. இன்றைக்கே.

ஹியூஸ்டன்காரன்

இதில் இங்கேயும் அதே பேச்சுதான். யார் நிரப்பியது என்று தெரியாத தோட்டா, எவ்வளவு பழையது என்று தெரியாத தோட்டா, இரண்டையும் துப்பாக்கியில் போடமாட்டோம்.

பத்து ஏக்கர்

போன் செய்தேன். இரண்டு பேர் வந்தார்கள், ஒரு இளம் கார்ப்பரல், ஒரு பெண் போலீஸ். டின்னைத் திறந்தால் மேலே பதினேழு தோட்டா, அடியில் ஈரத்தில் ஒட்டிக் கட்டியாகிப் போனது இன்னும் எத்தனை என்று எண்ணமுடியவில்லை. எல்லாவற்றையும் எழுதி, என் கையெழுத்து வாங்கிக்கொண்டு எடுத்துப் போனார்கள். ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை என்று ஒருமுறை கேட்டார்கள், சொல்லவேண்டும் என்று தெரியாது என்றேன், அதுதான் உண்மை.

மல்லிகை அக்கா, மின்வேலிப் பெட்டி எங்கே வாங்கினீர்கள் என்று தனியாக எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கலாமா?

டின்னைத் திரும்பத் தருவார்களா என்று அம்மா கேட்கிறார். அது அவர் கல்யாணத்துக்கு வந்த டின்னாம்.